விருந்தாளிக்கும் பிணையா?



"பிணை" என்ற சொல்லை நம்மில் பெரும்பாலானோர் முதன்முதலில் நீதிமன்ற வாசலில்தான் கேட்டிருப்போம். பிடித்துக்கொண்டு போன மகனைப் பிணையில் எடுக்க ஆள் தேடி, காசு தேடி அலைந்த தாய்மார் நம் மத்தியில் ஏராளம். அந்தச் சொல் இப்போது வெளிநாட்டு விசாவோடும் சேர்ந்து வருகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டியும், தங்கையின் கலியாணத்துக்குப் போகும் அக்காவும் தாங்கள் திரும்பி வருவோம் என்பதற்கு ஈடாகப் பெருந்தொகையைக் கட்ட வேண்டும் எனச் சில நாடுகள் கேட்கின்றன. உரிய நாளில் நாடு திரும்பினால் அந்தப் பணம் மீளக் கிடைக்கும். திரும்பாவிட்டால் அது அந்த அரசுக்குச் சேர்ந்துவிடும்.

எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களில் அண்மைக்காலமாக இதுபற்றி அடிக்கடி கேட்கிறார்கள். "உண்மையோ அக்கா? எங்களுக்கும் வருமோ?" என்பதே பலரின் கேள்வி. ஒரு கூட்டத்தில் பாதி மணிநேரம் பேசித் தீராத விடயம் என்பதால், இம்மாதம் இப்பக்கத்தில் இதையே எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். வருகையாளரிடம் பிணைப்பணம் கேட்கும் அதிகாரம் அந்நாட்டின் குடிவரவுச் சட்டத்தில் முன்பே இருந்தாலும், நடைமுறையில் அது பெரும்பாலும் பயன்படுத்தப்படவில்லை. 2020 இன் இறுதியில் ஆறு மாதப் பரீட்சார்த்தத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கொரோனாவால் உலகப் பயணங்கள் முடங்கியிருந்த வேளையில் அது நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 2025 ஆகஸ்ட் 20 முதல் 2026 ஆகஸ்ட் 5 வரை என்ற கால எல்லையுடன் புதிய பரீட்சார்த்தத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வியாபார நோக்கிலோ சுற்றுலாவுக்கோ செல்வோர் 5,000, 10,000 அல்லது 15,000 டொலர் பிணை கட்ட வேண்டும். மூன்றில் எந்தத் தொகை என்பதை நேர்முகம் காணும் அதிகாரியே தீர்மானிப்பார்.

ஆரம்பத்தில் மலாவி, சாம்பியா என்ற இரண்டு ஆபிரிக்க நாடுகளே பட்டியலில் இருந்தன. பின்னர் கம்பியா, தன்சானியா போன்றவை சேர்ந்தன. மாலி நாடு சேர்க்கப்பட்டபோது, அமெரிக்கர்களும் தன் நாட்டுக்கு வருவதற்கு 10,000 டொலர் வரை கட்ட வேண்டும் என்று அந்த அரசு பதிலுக்கு அறிவித்தது. சில நாட்களிலேயே மாலியின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2026 ஜனவரியில் பட்டியல் 38 நாடுகளாக விரிந்தது. பூட்டான், பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நம் அயல்நாடுகளும் அதில் அடங்கின. இலங்கையின் பெயர் அப்பட்டியலில் இருக்கவில்லை.

அதற்காக இது நமக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று இருந்துவிட முடியாது. பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டின் சட்டமொன்றிலேயே வருகையாளரிடம் பிணை பெற வழி செய்யப்பட்டிருந்தது. 2013 இல் தெரேசா மே உள்துறைச் செயலாளராக இருந்தபோது, ஆறு நாடுகளிலிருந்து வருவோரிடம் 3,000 பவுண் பிணை வாங்கும் பரீட்சார்த்தத் திட்டம் தயாரானது. அந்த ஆறு நாடுகள் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நைஜீரியா, கானா, இலங்கை. ஆம், இலங்கையும்தான். இந்தியா முதலிய நாடுகளிலும் பிரித்தானியாவுக்கு உள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் கதை வேறு. அங்குள்ள உறவினர் பொறுப்பேற்று அழைக்கும் குடும்ப வருகை விசாவுக்குப் பிணை கேட்கும் வழக்கம் நீண்டகாலமாக உள்ளது. ஒருவருக்கு 5,000 முதல் 15,000 அவுஸ்திரேலிய டொலர் வரை கேட்கலாம். கட்ட வேண்டியவர் அழைக்கும் உறவினர். வந்தவர் விசா நிபந்தனையை மீறினால் பணம் போவதோடு, அந்த உறவினர் ஐந்து ஆண்டுகளுக்கு வேறெவரையும் இவ்வாறு அழைக்கவும் முடியாது.

இத்திட்டங்களை ஆதரிப்போர் சொல்வதையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். விசாக் காலம் முடிந்தும் தங்கிவிடுவோர் இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களைத் தேடிப் பிடித்து அனுப்ப அரசுக்குச் செலவாகிறது. "ஒழுங்காகத் திரும்புகிறவருக்கு ஒரு சதமும் நட்டமில்லையே" என்பது அவர்களது வாதம். இன்னொரு வாதமும் உண்டு. சந்தேகத்தின் பேரில் விசா மறுக்கப்படும் ஒருவருக்குப் பிணை ஒரு கதவைத் திறந்துவிடும் என்பதே அது. இதை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். கணவனை இழந்தவர், வயதானவர், சொத்தில்லாதவர் என்று மூன்று முறை மறுக்கப்பட்ட தாயிடம் கேட்டால், "காசைக் கட்டியாவது போய்ப் பிள்ளையைப் பார்த்திட்டு வாறன்" என்றுதான் சொல்வார். எல்லோருக்கும் கதவு மூடியிருப்பதிலும் பார்க்க, விலை கொடுத்தாவது திறப்பது மேல் என்று அவர் நினைப்பதில் பிழையில்லை.

ஆனால் "நட்டமில்லை" என்பது யாருக்கு? வங்கியில் பணம் சும்மா கிடப்பவருக்கு அது சரி. ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 10,000 டொலர் என்பது 30 இலட்சம் ரூபா. நம் கிராமங்களில் அந்தப் பணம் வீட்டில் இருக்காது. நகையை அடைவு வைத்து, காணி உறுதியை ஈடு வைத்து, மிகுதியை வட்டிக்கு வாங்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு ரூபா மாத வட்டி என்றால் மாதம் 60,000 ரூபா. பணம் திரும்பி வர மூன்று மாதம் சென்றாலே வட்டி மட்டும் 1,80,000 ரூபா. பிணைப்பணம் முழுதாகத் திரும்பி வந்தாலும் இந்த வட்டியை எவரும் திருப்பித் தரப்போவதில்லை. அதே பிணை வசதியுள்ளவருக்கு வெறும் படிவம். இல்லாதவருக்கு அது கடன்.

மலாவியில் தலா ஆண்டு வருமானம் 1,000 டொலரைக்கூட எட்டவில்லை. ஆகக்குறைந்த பிணையான 5,000 டொலரே அங்கு ஐந்து ஆண்டு வருமானத்திலும் அதிகம். அந்நாட்டவர் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்குக் காட்டப்பட்ட காரணம் தங்கிவிடுவோரின் வீதம். அமெரிக்காவின் 2023 நிதியாண்டுக் கணக்கின்படி, மலாவியிலிருந்து சென்றவர்களுள் சுமார் 14 வீதத்தினர் உரிய காலத்தில் வெளியேறவில்லை. சாம்பியாவுக்கு அது சுமார் 11 வீதம். அப்படியானால் மலாவியிலிருந்து சென்ற 100 பேரில் 86 பேர் சொன்னபடி திரும்பியிருக்கிறார்கள். திரும்பிய அந்த 86 பேரின் ஊரவரும் உறவினரும்தான் இன்று பிணை கட்டுகிறார்கள். தனி ஆளின் நடத்தையைப் பாராமல் அவர் பிறந்த நாட்டைப் பார்த்துச் சந்தேகிப்பதைச் சமூகவியலில் முத்திரை குத்துதல் என்போம். முகவரியைப் பார்த்தே சந்தேகிக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அதனால் இதன் வலி நமக்குப் புதிதல்ல.

பெண்கள் விடயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. அடைவுக்குப் போவது யாருடைய நகை? ஈடு வைக்கும் காணி யாருடைய பெயரில்? வீட்டில் ஒருவருக்குத்தான் பிணை கட்டலாம் என்றால் யாரை அனுப்புவார்கள்? பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போக வேண்டிய இடத்துக்கு, "அலுவல் தெரிந்தவர்" என்று ஓர் ஆண் போய் வந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

பணம் கட்டியவருக்கும் கட்டப்பட்டவருக்கும் இடையில் என்ன உறவு உண்டாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வெளிநாடு போய் வந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். பிணையைக் கட்டியவர் மருமகன். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த வீட்டில் நாட்காட்டியில் ஒரு திகதி சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. மகளுக்குப் பிரசவத்தின் பின் உடம்பு தேறவில்லை. இன்னும் ஒரு மாதம் நின்றால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். விசாவை நீடிக்கக் கேட்டுப் பார்ப்போமா என்று பேசவும் அந்த வீட்டில் எவருக்கும் துணிவு வரவில்லை. காசு போய்விடுமோ என்ற பயம். தாய் குறித்த நாளில் திரும்பி வந்தார். "நான் அங்க விருந்தாளியா இருக்கேல்லை பிள்ளை, அடைவு வைச்ச நகை மாதிரி இருந்தனான்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

இதே பாடத்தைச் சிங்கப்பூரும் கற்றுத் தருகிறது. அங்கு வீட்டுப் பணிப்பெண்ணை வேலைக்கு எடுக்கும் எசமானர் அரசுக்கு 5,000 சிங்கப்பூர் டொலர் பிணை வைக்க வேண்டும். இலங்கைப் பெண்களும் அங்கு வேலைக்குப் போகிறவர்களே. பணிப்பெண் காணாமற் போனால் பிணை போய்விடும் என்று பயந்து, ஓய்வு நாளில்கூட அவளை வெளியில் விடாமல் வைத்திருந்த எசமானர்கள் பலர். 2010 இல் விதிகள் தளர்த்தப்பட்டன. தேடிப் பார்க்க நியாயமான முயற்சி எடுத்த எசமானர் பாதிப் பிணையை மட்டுமே இழப்பார் என்றாயிற்று. வாராந்த ஓய்வு நாள் 2013 இலிருந்துதான் சட்டமானது. அரசு ஒரு குடும்பத்தின் பணத்தைப் பிடித்து வைத்தால், அந்தக் குடும்பமே காவற்காரனாக மாறிவிடுகிறது.

இன்னுமொன்று. அமெரிக்கத் திட்டத்தில், வருகை விசாவில் போனவர் அங்கு அடைக்கலம் கோரினால் அதுவும் பிணை நிபந்தனையை மீறியதாகவே கருதப்படும். 1983 இற்குப் பின் உயிருக்குப் பயந்து கிடைத்த விசாவில் புறப்பட்டவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! ஆபத்தில் இருப்பவர் முதலில் காசைக் கட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்றால், காசில்லாதவர் எங்கே போவார்?

சகோதரிகளே, கொள்கை மாறும்வரை நாம் ஏமாறாமல் இருக்கவும் வேண்டும். எனவே சில விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

பிணையைக் கட்டினால் விசா நிச்சயம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். அமெரிக்க நடைமுறையில், அதிகாரி கட்டும்படி அறிவித்த பின்னரே படிவத்தை நிரப்பி, அரசின் கொடுப்பனவுத் தளத்தில் செலுத்த வேண்டும். அறிவிப்பு இல்லாமல் முன்கூட்டிக் கட்டிய பணம் திரும்பாது. முகவர் கையிலோ வேறு இணையத்தளங்களிலோ கட்ட வேண்டாம்.

விசா விண்ணப்பக் கட்டணம் வேறு, பிணை வேறு. சுற்றுலா விசாவுக்கான 185 டொலர் கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது.

எந்த விமான நிலையத்தால் போய் வருவது என்பதும் முக்கியம். பிணை கட்டியவர்கள் குறிப்பிட்ட சில நிலையங்களால் மட்டுமே அமெரிக்காவுக்குள் போகவும் வெளியேறவும் வேண்டும் என்ற விதியுடனேயே திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் அவை பொஸ்டன், நியூயோர்க்கின் ஜோன் எஃப். கென்னடி, வாஷிங்டன் டல்லஸ் ஆகிய மூன்றே. மலிவான டிக்கெட் என்று வேறு வழியால் வந்தால், வெளியேறியது பதியப்படாமற் போகலாம். விமானப் பயணச் சிட்டை, கடவுச்சீட்டு முத்திரை, பணம் கட்டிய பற்றுச்சீட்டு மூன்றையும் கவனமாக வைத்திருங்கள்.

பிணை யாருடைய பெயரில் கட்டப்படுகிறது, மீளளிப்பு யாருடைய கணக்குக்கு வரும் என்பதைக் குடும்பத்தில் முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நகையை அடைவு வைத்துக் கட்டிய காசு வேறொருவர் கணக்குக்குத் திரும்பினால், அந்த நகை மீண்டு வருவது அவரது மனதைப் பொறுத்ததாகிவிடும். கேட்க வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் உழைப்பு.

அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. முன்பு போய் ஒழுங்காகத் திரும்பியவருக்குப் பிணை ஏன்? நோய், பிரசவம், மரணம் போன்ற காரணங்களால் தாமதிப்பவருக்கு விளக்கம் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? தொகை அந்த நாட்டு மக்களின் வருமானத்தோடு பொருந்த வேண்டாமா? நம் அரசும் இவ்வாறான பட்டியல்கள் வரும்போது மௌனமாக இருக்கக் கூடாது. 2013 இல் பிரித்தானியத் திட்டம் கைவிடப்பட்டதும் 2025 இல் மாலியின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதும் பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறந்த பின்னர்தான்.

ஒரு தாய் தன் பிள்ளையிடம் போய் வருவது இரக்கத்தால் கிடைக்கும் சலுகையுமல்ல, காசுள்ளவருக்கு மட்டும் உரிய வசதியுமல்ல. அந்தத் தாயின் முன்னைய பயணங்களும் ஊரில் அவருக்குள்ள குடும்பமும் பொறுப்புகளுமே அவர் திரும்பி வருவார் என்பதற்குச் சான்று. அவற்றைப் பார்த்து முடிவெடுக்க அதிகாரிக்கு நேரம் செல்லும். ஆனாலும் அதுதான் நியாயமான வழி.