வானம் திரும்பும், கடைவீதி திரும்புமா?

டோக்கியோ நகரின் நடுநாயகமான நிஹோன்பாஷி பாலத்துக்கு ஒரு விமோசன காலம் பிறந்திருக்கிறது. அதன் தலைக்கு மேலே ஓடும் மோட்டார் சாலையை அகற்றி, பூமிக்கடியில் சுரங்கப்பாதை அமைக்கும் வேலை நடந்து வருகிறது. 2035-ல் சுரங்கத்தைத் திறந்து, 2040-க்குள் மேற்பாலத்தை முழுவதும் எடுத்துவிடுவது திட்டம்.

1964 ஒலிம்பிக் பந்தயத்தை முன்னிட்டு, 1963-ல் கட்டிய சாலை அது. நிலம் வாங்க அவகாசமில்லாததால் ஆற்றிலேயே தூண்களை நட்டுவிட்டார்கள். பாலத்துக்கு வானம் போயிற்று.

படங்கள் சொல்லும் சாட்சி

போனது என்ன என்பதை ஹிரோஷிகே என்ற சித்திரக்காரரின் மரக்கட்டை அச்சுப் படங்கள் சொல்கின்றன. சாமானிய ஜனங்களும் வாங்கக்கூடிய விலையில் விற்ற படங்கள் இவை. ஒரு படத்தில், விடியற்காலையில் பிரபுவின் பரிவாரம் இந்தப் பாலத்தின் மீது வருகிறது. மீன் கூடைகளைக் காவடியாகச் சுமந்த வியாபாரிகள் ஓரமாக ஒதுங்குகிறார்கள்.

1858-ல் வெளியான இன்னொன்றில், பனி மூடிய தெருவில் 'மலைத் திமிங்கிலம்' என்று ஒரு விளம்பரப் பலகை. விற்பது காட்டுப்பன்றி இறைச்சி! புலால் உண்பதை பௌத்த தர்மம் தடுத்த காலமல்லவா? திமிங்கிலத்தை மீன் என்று கருதியதால், பெயரை மாற்றிப் பாவத்தைக் கழித்துக்கொண்டார்கள். எதிரே சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் கடை.

அன்று இந்நகரின் பெயர் எடோ; ஜனத்தொகை பத்து லட்சத்துக்கு மேல். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த சிப்பாய்களும் கூலியாட்களும் ஏராளம். அவர்கள் பசியை நம்பியே தெருக்கடைகள் வாழ்ந்தன.

கூடாத காரியம் எது?

நிஹோன்பாஷி மீன் சந்தை 1923 பூகம்பத்தில் அழிந்தது. பின்னர் ஸுகிஜிக்குப் போயிற்று. 2018-ல் அங்கிருந்தும் டொயோசுவுக்குப் பெயர்ந்தது. 1699-ல் துவங்கிய 'நின்பென்' என்ற கருவாட்டுக் கடை இன்றும் நிஹோன்பாஷியிலேயே நடக்கிறது; ஆனால் வானளாவிய கட்டிடமொன்றின் கீழ்த்தளத்தில். சாலையைப் புதைக்கும் அதே பேட்டையில் புதிய மாடங்களும் எழும்பி வருகின்றன.

சாலையை அகற்றுவது எஞ்சினீயர்களின் வேலை. கடைவீதியை உண்டாக்குவது வாடகை. அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஏழை எளியவர்கள். கிழங்கு சுடுகிறவன் கொடுக்கக்கூடிய வாடகையில் ஒரு மூலையாவது ஒதுக்கப்படாவிட்டால், 2040-ல் கிடைப்பது படத்தின் வானம் மட்டுமே. படத்தில் இருந்த மனிதர்கள் அல்ல.