அடிவயிற்றையும் கொஞ்சம் பாருங்கள்!



எங்கள் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகை தீபம் ஏற்றும் ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் சீனிவாசப் பெருமாள் மலை. எங்கள் பக்கத்துக்காரன் யாரிடமாவது ஆண்டாள் கோயில் கோபுரத்தை ஒன்பது நிலையாகச் செய்து காட்டுங்கள் பார்ப்போம். "பதினோரு நிலைய்யா, 192 அடி! இதுகூடத் தெரியாதா?" என்று சண்டைக்கு வந்துவிடுவான். அதே ஆள், விமான மாடல் என்றால் மட்டும் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்துக் கை தட்டிவிட்டுப் போய்விடுகிறான்!

ஒரு கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய 'நாட்' போர் விமானத்தைக் குனிந்து பார்த்தேன். சக்கரக் கதவுகளை வயிற்றோடு மூடி ஒட்டிவிட்டு, மூடிய கதவின் மேலேயே காலை ஒட்டிச் சக்கரத்தை மாட்டியிருந்தார்கள். பூட்டிய கதவுக்குள்ளிருந்து மனுஷன் நடந்து வந்த கதைதான். இதற்குப் பரிசு கொடுத்தது தப்பு என்பதே என் கட்சி.

நாட் என்ன சாதாரண விமானமா? இங்கிலாந்தில் பெட்டர் வடிவமைத்ததை உரிமம் பெற்று பெங்களூர் எச்.ஏ.எல்.லில் நாமே செய்தோம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நிர்மல்ஜித் சிங் செகோன் உயிரைக் கொடுத்துப் போரிட்டு, பரம்வீர் சக்ரா பெற்றது இதில்தான். இதற்குத் தனியாக ஏர் பிரேக் கிடையாது. சக்கரத்தைப் பாதி இறக்கினால் கதவுகளும் சேர்ந்து காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஆகவே பறக்கிற நாட்டுக்குக் கதவு பாதி திறந்திருந்தாலும் சரியே.

வேறு பல ஜெட்களில் கதவு திறக்கும், கால் இறங்கும், பிறகு பெரிய கதவு மட்டும் திரும்ப மூடிக்கொள்ளும். எப்படி என்று மெக்கானிக்கல் மாணவன் கேட்கலாமா? ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் சீக்வென்ஸ் வால்வு படம் போட்டு மார்க் வாங்குகிறோமே, அந்த வேலைதான்! இரண்டாம் உலகப்போர் மஸ்டாங்கில் (அது ஜெட் இல்லை, புரொப்பல்லர்) என்ஜினை நிறுத்தியபின் பிரஷர் இறங்க இறங்க உள்கதவுகள் தானாகத் தொங்கிவிடும். கதவைப் பார்த்தே, வண்டி இப்போதுதான் வந்து நின்றதா, நின்று நேரமாச்சா என்று ஊகிக்கலாம்.

"அடியில போய் யாருடா குனிஞ்சு பார்க்கப் போறா?" என்கிறார்கள் நண்பர்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்துல் கலாம் ஏரோநாட்டிக்ஸ் பக்கம் போனார். நமக்கு ராஜபாளையத்தில் விமானத்துக்கு எங்கே போவது? போட்டோ போதும்.

அடுத்த கண்காட்சிக்கு யூனியன் இதைச் செய்யட்டும்: ஒவ்வொரு மாடலுக்கும் அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பக்கத்தில் ஓர் அட்டை: நிற்கிறதா, இறங்குகிறதா, பறக்கிறதா, எந்தப் போட்டோவைப் பார்த்துச் செய்தது? நூறில் இருபது மார்க் இதற்கே.

செய்கிறவர்களுக்கு ஒன்று. 72-ல் ஒரு பங்கு அளவில் நாட்டின் இறக்கை ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கதவு வைத்தால் நிஜத்தில் 72 மில்லிமீட்டர் கனம், கோட்டைக் கதவு மாதிரி! பழைய பவுடர் டப்பா தகரத்தை வெட்டி, ஓரம் அராவி ஒட்டுங்கள்.