சைக்கிள் கியர் மாறலைன்னா முதல்ல பர்ஸைத் தொடாதீங்க



நம்ம சேனல்ல வழக்கமா இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு சைக்கிள் கியர். "ஆடிட்டருக்கும் சைக்கிள் கியருக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்பீங்க. இருக்கு. ஒரு பொருள் தேஞ்சு போச்சா, இல்ல கவனிக்காம விட்டதால நின்னு போச்சா? இந்த ஒரு கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா, நஷ்டம் நம்ம பாக்கெட்டுக்குத்தான்.

2020 லாக்டவுன் சமயத்துல நிறைய பேர் ஆசையா கியர் சைக்கிள் வாங்கினாங்க. அதுல பல சைக்கிள் இன்னைக்கு பால்கனியிலயும் மாடிப்படிக்குக் கீழயும் தூசி படிஞ்சு நிக்குது. காரணம் கேட்டா, "கியர் மாறலைங்க. கடையில ஷிஃப்டர் செட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். சிலர் அடுத்த படிக்கே போயிடுவாங்க: "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாமே!"

என் கருத்து இதுதான். பழைய ஷிஃப்டர் வேலை செய்யலைன்னா, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வீட்டிலேயே அதைச் சுத்தம் பண்ணிப் பாருங்க. பல சமயம் உள்ளே எதுவும் உடைஞ்சிருக்காது. கிரீஸ்தான் காய்ஞ்சு போயிருக்கும்.

உள்ளே என்னதான் இருக்கு?

ஒரு காலத்துல கியர் லீவரைத் தள்ளி, சத்தத்தைக் கேட்டு, நாமளே சரியான இடத்துல நிறுத்தணும். 1984-ல் ஷிமானோ நிறுவனம் 'டியூரா-ஏஸ்' வரிசையில், ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்னைக்கு நம்ம கையில இருக்கிற ஷிஃப்டர்கள் பெரும்பாலும் இந்த 'கிளிக்' வகைதான்.

அந்த கிளிக் வர்றதுக்குக் காரணம், உள்ளே இருக்கிற சின்னப் பல் சக்கரமும், அதுல வந்து மாட்டுற குட்டிக் கொக்கியும். கொக்கியைத் தள்ளி மாட்டுறது ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஃபேக்டரியில போட்ட கிரீஸ் வருஷக்கணக்கில் காய்ஞ்சு பிசின் மாதிரி ஆயிட்டா, அந்த ஸ்பிரிங்குக்குக் கொக்கியைத் தள்ள பலம் போதாது. லீவரை அழுத்தினா 'தொளதொள'ன்னு சும்மா போய்ட்டு வரும். பார்க்கிறவங்களுக்கு அது உடைஞ்ச மாதிரியே தெரியும்.

முதல்ல ஆடிட், அப்புறம் செலவு

பின் சக்கரத்துல செயினை மிகச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவாங்க. டீரெய்லர்ல கேபிளைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைத் தளர்த்தி கேபிளை விடுவிங்க. ஒரு கையால கேபிளை லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஷிஃப்டரை இயக்குங்க.

ஒவ்வொரு கிளிக்கும் சுத்தமா வருதா? அப்போ ஷிஃப்டர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு கேபிள்லயோ, அதன் வெளி உறையிலயோ, வளைஞ்சு போன டீரெய்லர் ஹேங்கர்லயோ இருக்கும். இந்தச் சோதனை பண்ணாம ஷிஃப்டரை மாத்தினா, புது ஷிஃப்டரோட பழைய கோளாறும் அப்படியே இருக்கும்.

கிளிக் வரலையா? மேல் மூடியோட ஸ்க்ரூவைக் கழட்டுங்க. அதோட நிறுத்திக்கோங்க. அதுக்கு மேல பிரிச்சா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எகிறி, எது எங்க இருந்துச்சுன்னே தெரியாம போயிடும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயை உள்ளே நல்லா அடிச்சு, லீவரை ஒரு ஐம்பது தடவை ரெண்டு பக்கமும் இயக்குங்க. பழுப்பு நிறத்துல அழுக்கு வழியும். துடைச்சிட்டுத் திரும்ப அடிங்க. வழியுறது தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு மூணு சுற்று.

ஸ்பிரே பிரேக் டிஸ்க்லயோ, ரிம்லயோ, பிரேக் கட்டையிலயோ படக்கூடாது. பட்டா பிரேக் வழுக்கும். பழைய துணியால மூடிட்டு வேலை பாருங்க.

சுத்தமானதும் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு விடுங்க. ஸ்பிரே அழுக்கைக் கரைக்கத்தான். அது காய்ஞ்ச பிறகு உள்ளே எண்ணெய் வேணும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். குளிர்ல உறையும், நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகி மறுபடி இதே கதைதான். கைப்பிடியையே முறுக்குற வகை ஷிஃப்டரா இருந்தா, உள்ளே பெரும்பாலும் பிளாஸ்டிக். அதுக்கு பிளாஸ்டிக்குக்கு ஒத்துவர்ற சிலிகான் கிரீஸ்தான் சரி.

இவ்வளவு பண்ணும்போதே கியர் கேபிளையும் அதன் உறையையும் புதுசா மாத்திடுங்க. கடையில 'கியர் கேபிள்'னு தெளிவா சொல்லி வாங்குங்க. பிரேக் கேபிள் தடிமன் அதிகம். பிரேக் உறையோட உள் அமைப்பே வேற. அதைப் போட்டா கியர் துல்லியமா மாறாது.

இப்போ கணக்குக்கு வருவோம்

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே, புதுசு வாங்கலாமே?" என்பது இப்போ அடிக்கடி காதுல விழுற வாதம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். வரிக்கு முன் விலை ₹20,000 உள்ள சைக்கிளை எடுத்துக்கோங்க. முன்பு ₹22,400, இப்போ ₹21,000. மிச்சம் ₹1,400. ஆனா அந்த ₹1,400-ஐ மிச்சம் பிடிக்க நீங்க ₹21,000 எடுத்து வைக்கணும்! அதே வரிக் குறைப்பு உதிரி பாகங்களுக்கும் உண்டு என்பதை யாரும் சொல்றதில்லை.

இன்னொரு விஷயம். சொந்த உபயோக சைக்கிள் வருமான வரிச் சட்டப்படி 'மூலதனச் சொத்து' கணக்கில் வராது. பழசைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டா, அந்த நஷ்டத்தை எந்த லாபத்தோடவும் கழிக்க முடியாது. முழு அடியும் உங்களுக்குத்தான்.

"சார், என் ஒரு மணி நேரத்துக்கு விலை இல்லையா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நேரத்துல வேற வேலை பார்த்துச் சம்பாதிப்பீங்கன்னா, தாராளமா மெக்கானிக்கிட்ட கொடுங்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீல்ஸ் பார்க்கிற நேரத்துக்கு மணிக்கு ₹1,000 ரேட் போட்டு உங்களையே ஏமாத்திக்காதீங்க. கடைக்குத் தள்ளிட்டுப் போய்த் திரும்பி வர்ற நேரத்தையும் கணக்குல சேருங்க.

எங்கே நிறுத்தணும்?

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணியே தீரணும்னு நான் சொல்லலை. நல்லா சுத்தம் பண்ணியும் கிளிக் வரலை, இல்ல உள்ளே பல் உடைஞ்சிருக்கு, ஸ்பிரிங் போயிருக்குன்னா மாத்திடுங்க. அப்பவும் போன பக்கத்தை மட்டும் மாத்துங்க. ஜோடியா வாங்கணும்னு கட்டாயம் இல்லை. பின்னாடி எத்தனை பல் சக்கரம்னு எண்ணிட்டுப் போங்க. டீரெய்லர் எந்த கம்பெனின்னும் பார்த்துக்கோங்க. ஷிமானோவும் ஸ்ராமும் ஒரு கிளிக்குக்கு இழுக்கிற கேபிள் அளவே வேற வேற. பொருத்தமானது கிடைக்கலைன்னா, கிளிக் இல்லாத பழைய பாணி லீவர் ஒண்ணு போட்டுக்கலாம். அதுக்கு இந்த எண்ணிக்கைக் கவலை இல்லை. பழகிக்க ரெண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பண்ணி நீங்க கோடீஸ்வரர் ஆகப் போறதில்லை. மிச்சமாகிறது சில நூறு, மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு ஆயிரம். ஆனா நிக்குற சைக்கிள் ஓட ஆரம்பிச்சா, காய்கறிக் கடைக்கும் பால் பூத்துக்கும் வண்டி எடுக்க வேண்டாம். ஏற்கனவே காசு போட்ட சொத்து மறுபடி வேலை செய்யும். வாஷிங் மெஷின், மிக்ஸி, லேப்டாப்னு அடுத்து எது நின்னாலும், "எந்தப் பாகம் போச்சு?"ன்னு கேட்டுட்டுத்தான் பர்ஸைத் திறப்பீங்க. உங்க பட்ஜெட்டுக்கு அந்தப் பழக்கம் பெரிய பலம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வெளியே எடுங்க. கேபிளைக் கழட்டி அந்த ஒரு சோதனையை மட்டுமாவது பண்ணிப் பாருங்க. கிளிக் சத்தம் வந்துச்சான்னு எனக்கும் சொல்லுங்க.