மாத்திரை கூறும் பொய்ச் சாட்சி

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் நன்கறிந்த பழமொழி. பயோடின் என்னும் ஜீவசத்தின் விஷயத்தில் இப்பழமொழி அப்படியே பொருந்துவதாகக் காணோம். சற்று மிகுதியாக உட்கொண்டாலும் அது உடலில் நஞ்சாகத் தங்குவதில்லை. மிஞ்சியது சிறுநீரோடு கழிந்துவிடுகிறது. ஆதலால், "தின்பதில் என்ன நஷ்டம்?" என்று பலரும் தைரியமாகக் கேட்கின்றனர். நஷ்டம் உண்டு. அது நேர்வது உடலிலன்று. இரத்தப் பரிசோதனைச் சாலையில். இதைப் பொதுஜனங்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

ராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. முடி உதிர்கிறதென்றும் நகம் உடைகிறதென்றும் சொல்லிக் கேட்போருக்குப் பயோடின் மாத்திரை எளிதிற் கிடைக்கிறது. கைப்பேசியில் பணம் செலுத்தினால் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது. ஆலைப் புகையும் உப்பு நீரும் தம் முடியைக் கெடுத்துவிட்டன என்று எண்ணும் தொழிலாளியும், பிரசவத்திற்குப் பின் முடி கொத்துக் கொத்தாக உதிரக் கண்டு கலங்கும் இளந்தாயும் இதை வாங்குகின்றனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. முடி உதிர்வது அற்ப விஷயமென்று சொல்பவர்கள் அந்தத் துன்பத்தை அனுபவியாதவர்கள்.

ஆயினும் உண்மையை அறிய வேண்டும். பயோடின் புதிய சரக்கன்று. 1936ஆம் ஆண்டிலேயே ஹாலந்து தேசத்து யூட்ரெக்ட் சர்வகலாசாலையில் பிரிட்ஸ் கோகல் என்னும் ரசாயன பண்டிதர் முட்டையின் மஞ்சட் கருவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். முட்டை, ஈரல், மீன், வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு முதலியவற்றில் இது இயற்கையாகவே இருக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கி உண்ணும் குடும்பத்திற்கு இதில் குறை நேர்வது அரிது. வயது வந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமானது என்பது அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவு. கேசத்திற்கென்று விற்கப்படும் மாத்திரைகளிலோ 5 அல்லது 10 மில்லிகிராம் இருப்பது சகஜம். 10 மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம். அதாவது தேவையைப் போல் முந்நூறு மடங்கிற்கும் மேல்.

பயோடின் குறைவு உண்மையாகவே உள்ளவர்கள் சிலர் உண்டு. பிறவியிலேயே அச்சத்தை உடல் பயன்படுத்த இயலாத குழந்தைகளுக்கும், நெடுங்காலம் சிலவகை வலிப்பு மருந்துகளை உட்கொள்வோருக்கும் வைத்தியர் இதைக் கொடுக்க நேரலாம். அவர்கள் தாமாக நிறுத்தலாகாது. ஆனால் குறைவில்லாத ஒருவருக்கு இது முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முடி உதிர்வதற்கு இரத்தசோகை, தைராய்டு சுரப்பியின் கோளாறு, கடும் காய்ச்சல், பிரசவம் முதலான காரணங்கள் பல. நமது ராஜ்யத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை உண்டென்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இரும்புச் சத்து வேண்டியவருக்குப் பயோடினைக் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டிற்குச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போன்றதாகும்.

இனிப் பரிசோதனைச் சாலைக்கு வருவோம். ஸ்டிரெப்டவிடின் என்றொரு புரதம் உண்டு. பச்சை முட்டையின் வெள்ளைக் கருவில் உள்ள அவிடினுக்கு இது உறவு. இரண்டும் பயோடினைக் கண்டால் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். இந்தப் பிடிப்பையே இரத்தப் பரிசோதனை யந்திரங்கள் பலவும் உபயோகிக்கின்றன. நமது துறைமுகத்தைக் கொண்டே இதை விளக்கலாம். சரக்கு மூட்டையில் கொக்கி மாட்டியிருக்கிறது. பாரந்தூக்கியில் வளையங்கள் இருக்கின்றன. கொக்கி வளையத்தில் மாட்டினால் மூட்டை மேலே வரும். குமாஸ்தா எண்ணிக் கணக்கு எழுதுவார். மூட்டையில்லாத வெறுங் கொக்கிகள் ஆயிரக்கணக்கில் வந்து வளையங்களை நிரப்பிவிட்டால் என்ன ஆகும்? சரக்கு கீழேயே கிடக்கும். குமாஸ்தா சரக்கே வரவில்லையென்று எழுதிவிடுவார். அந்த வெறுங் கொக்கிகளே, மாத்திரை தின்றவரின் இரத்தத்தில் மிதக்கும் பயோடின். வேறு சில பரிசோதனைகளில் கணக்கு எதிர்மாறாக வைக்கப்படுவதால், அங்கே பொய்க் குறைவுக்குப் பதில் பொய் மிகுதி தோன்றும்.

தைராய்டு பரிசோதனையில் இவ்விரண்டு பொய்களும் ஒருங்கே சேரக்கூடும். டி.எஸ்.எச். குறைவாகவும், தைராக்ஸின் மிகுதியாகவும் காணும். சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்யும் நோயின் அடையாளமும் இதுவே. நோயே இல்லாதவருக்கு நோயென்று சொல்லிச் சிகிச்சை தொடங்க இது இடங்கொடுக்கும். முடி உதிர்வின் காரணத்தை அறிவதற்கென்று செய்யும் பரிசோதனையையே, முடிக்கென்று தின்ற மாத்திரை கெடுத்துவிடுவதை என்னவென்று சொல்வது!

இதைவிடப் பெரிய அபாயம் மாரடைப்பில் இருக்கிறது. இருதயத் தசை சேதமடைந்தால் டிரோபோனின் என்னும் பொருள் இரத்தத்தில் ஏறும். பயோடினுக்கு இடங்கொடுக்கும் முறையில் அதை அளந்தால், ஏறியிருக்கும் டிரோபோனின் குறைந்ததாகக் காணக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டு நவம்பரில் இதுபற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. மிகுந்த அளவில் பயோடின் உட்கொண்டு வந்த ஒருவருக்கு டிரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டியதாகவும், அவர் இறந்துவிட்டதாகவும் தனக்குச் செய்தி வந்ததென்று அது தெரிவித்தது. 2019ஆம் ஆண்டிலும் அந்த எச்சரிக்கையை அது புதுப்பித்தது.

இங்கே நிலைமை எப்படி? எண்ணூர் ஆலையில் இராத்திரி வேலையிலிருக்கும் ஒருவருக்கு மார்பு வலி காண்கிறது. நண்பர்கள் அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ கொண்டுசெல்கின்றனர். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உட்கொள்வதைச் சொல்வார்கள். முடிக்குத் தின்னும் மாத்திரையை மருந்தென்று எவரும் எண்ணுவதில்லை, ஆகவே சொல்வதுமில்லை. நீதி ஸ்தலத்தில் பொய்ச் சாட்சி வந்தால் குறுக்கு விசாரணை உண்டு. சாட்சி கெட்டிருப்பதே தெரியாதபோது வைத்தியர் எதைக் கொண்டு விசாரிப்பார்?

எல்லாப் பரிசோதனைகளும் கெட்டுவிடும் என்று நாம் பீதி கிளப்ப விரும்பவில்லை. சர்க்கரை, ஹீமோகுளோபின் முதலிய சாதாரணப் பரிசோதனைகள் இம்முறையைச் சார்ந்தவை அல்ல. யந்திரம் செய்வோர் சிலர் தங்கள் முறைகளைத் திருத்தியும் இருக்கிறார்கள். தினசரி மல்டிவைட்டமினில் உள்ள சிறிய அளவால் பொதுவாகத் தொல்லை நேர்வதில்லை. எந்தச் சாலையில் எந்த யந்திரம் இருக்கிறதென்பது நோயாளிக்குத் தெரியாதென்பதே நாம் வற்புறுத்தும் விஷயம்.

ஆகையால் நேயர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மாத்திரையின் மேலுறையில் பயோடின் எத்தனை என்று பாருங்கள். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் உண்டென்பதை மறவாதீர்கள். முடி உதிர்ந்தால் முதலில் காரணத்தை வைத்தியரிடம் அறியுங்கள். தைராய்டு முதலிய பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்னதாகவே, வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, பயோடினை நிறுத்துங்கள். மிகுந்த அளவில் உட்கொள்வோருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதற்கும் மேற்பட்ட நாட்கள் வேண்டியிருக்கும். மார்பு வலி வந்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சென்றதும் "பயோடின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

எனினும் பாரம் முழுவதையும் வாங்குபவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. இரத்தம் எடுக்குமுன் "முடிக்கோ நகத்திற்கோ மாத்திரை உண்டா?" என்று கேட்பதற்குப் பரிசோதனைச் சாலைக்கு ஒரு காசு செலவில்லை. மேலுறையில், "இரத்தப் பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் தெரிவிக்கவும்" என்று தமிழில் ஒரு வரி அச்சிடுவதற்கு உற்பத்தியாளருக்கும் பெரிய கஷ்டமில்லை. அவர்கள் தாமாகச் செய்யாவிடில், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் கட்டாயப்படுத்த வேண்டும். பயோடின் மாத்திரையை உணவென்று ஒரு இலாகாவும் மருந்தென்று மற்றொரு இலாகாவும் தட்டிக் கழித்துக்கொண்டிருப்பதற்கு இடமளிக்கலாகாது. வடசென்னைத் தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருளின் குணத்தை மாத்திரமன்றி அதன் தீங்கையும் அறிந்துகொள்ள உரிமை உள்ளவர். அவ்வுரிமை அவருக்குத் தாமதமின்றிக் கிடைக்குமாறு அதிகாரிகள் ஆவன செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.