'அய்யா மீட்டிங் போயிருக்காரு'

வாரிசுச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ வட்ட அலுவலகப் படியேறியவர்கள் ஒருமுறையாவது இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். சொல்லுகிற உதவியாளர் பொய் சொல்வதில்லை. அய்யா உண்மையிலேயே மீட்டிங்கில்தான் இருக்கிறார். சிக்கலே அதுதான்.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தச் சிக்கலுக்குத் தூரமும் துணைபோகிறது. 1993-ல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து, 2019-ல் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக விட்டுக்கொடுத்த பிறகும் இங்கே 9 வட்டங்கள், 13 ஒன்றியங்கள், 688 ஊராட்சிகள் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகம் விழுப்புரத்தில். மரக்காணமும் ஒலக்கூரும் மேல்மலையனூரும் ஆளுக்கொரு மூலையில். திண்டிவனத்திலிருந்தே விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஜீப்பில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அரசு அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. 11 மணிக்கு ஆய்வுக் கூட்டம் என்றால், அலுவலகம் திறக்கும்போதே அலுவலர் வண்டியேறிவிட வேண்டும். கூட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்து, வழியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் மணி மூன்றை நெருங்கிவிடும். மிச்சமிருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் ஒரு பங்கு, கூட்டத்தில் கேட்ட புள்ளிவிவரத்தைத் திரட்டி அனுப்புவதில் போகும். நடுவில் சென்னையிலிருந்து ஒரு வி.சி. (காணொலிக் கூட்டம்) வந்துவிட்டால் அன்றைய நாள் அவ்வளவுதான். கோப்புகள் இரவில் நகரும், அல்லது நகராது.

கூட்டம் என்றாலே வீண் என்று சொல்லிவிட முடியாது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக்காரர் ஆட்சியரை நேரில் பார்க்கிறார். அது கூட்டமல்ல, வேலையேதான். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் அப்படியே. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூன் 30-ல் பசலி ஆண்டு முடிவதை ஒட்டி வரும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் மேசைக்கு வருகின்றன, கூடவே மக்களும் வருகிறார்கள். இவற்றுக்கெல்லாம் தேதி முன்கூட்டியே தெரியும். அதை வைத்து மற்ற வேலைகளை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம்.

நாளைக் குலைப்பவை வேறு. முந்தின இரவு வாட்ஸ்அப்பில் வந்து விழும் அழைப்பு. ஏற்கெனவே இணையத்தில் ஏற்றிய எண்ணையே வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லும் ஆய்வு. ஒரே வாரத்தில் மூன்று துறைகள் மூன்று நாட்களில் அழைக்க, மூன்றுக்கும் அதே வட்டார வளர்ச்சி அலுவலர் ஓடுவது. 'எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி?' என்று கேட்கும் கூட்டம் கூடக்கூட, முடிக்க வேண்டியவருக்கு உட்கார நேரம் குறைகிறது. பாக்கி ஏறுகிறது. ஏறிய பாக்கியை ஆராய இன்னொரு கூட்டம்.

வேடிக்கை என்னவென்றால், பாக்கியைக் கண்காணிக்கத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் கூட்டமில்லாத ஒரு வழி ஆங்கிலேயர் காலத்திலேயே வந்துவிட்டது. பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் பெயரால் அறியப்படும் அலுவலக நடைமுறை அது. ஒவ்வொரு உதவியாளரிடமும் ஒரு தன்பதிவேடு இருக்கும். எந்தத் தபால் என்று வந்தது, என்ன ஆனது என்பது அதில் ஏறும். அதைப் புரட்டினாலே பாக்கி தெரியும். இன்று அதே கணக்கு கணினித் திரையில் ஓடுகிறது. அப்படியிருந்தும் அதை வாசிக்க ஜீப்பில் 80 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது.

தனியார் உலகமும் இதில் மாட்டித்தான் விழித்தது. 2009-ல் மென்பொருள் துறையைச் சேர்ந்த பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரை பலர் கண்ணைத் திறந்தது. மேலாளரின் நாள் மணிக்கணக்கில் துண்டுபட்டது, அவருக்கு ஒரு கூட்டம் ஒரு துண்டுதான். உட்கார்ந்து உருவாக்குபவருக்கோ அதே கூட்டம் அரை நாளையே உடைத்துவிடுகிறது என்றார் அவர். அதே ஆண்டு ஆய்வாளர் சோஃபி லெராய், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுவதைக் காட்டினார். 2023 ஜனவரியில் கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம், இருவருக்கு மேல் கூடும் வழக்கமான கூட்டங்களை நாட்காட்டியிலிருந்தே நீக்கியது. புதன்கிழமை கூட்டம் கூடாது என்ற விதியையும் திரும்பக் கொண்டுவந்தது. வட்டாட்சியரால் அப்படி அழிக்க முடியாது. அவரை அழைப்பவர்கள் எல்லோரும் அவருக்கு மேலே இருப்பவர்கள். ஆகவே நேர மேலாண்மைப் புத்தகங்கள் சொல்லும் 'முடியாது என்று சொல்லப் பழகுங்கள்' இங்கே செல்லாது. நாளைத் திட்டமிட வேண்டியவர் அழைப்பவர்தான்.

அதற்கு முன்மாதிரியும் கையருகே இருக்கிறது. 2024 ஜனவரி இறுதியில் தொடங்கிய 'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' திட்டப்படி, மாதம் ஒரு புதன்கிழமை ஆட்சியரும் மாவட்ட அலுவலர்களும் ஒரு வட்டத்துக்கே போய் மறுநாள் காலைவரை தங்குகிறார்கள். இங்கே பயணம் செய்வது மேலிடம். அந்த வட்டத்து அலுவலர் தன் ஊரிலேயே இருக்கிறார். ஆய்வுக் கூட்டங்களுக்கும் இதே வழியைக் காட்டலாம். திண்டிவனம் கோட்டத்துக்கான துறை ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வாரத்தில் ஒரே நாளில், திண்டிவனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எண் மட்டும் கேட்பதென்றால் திரையில் பார்த்துக்கொள்ளலாம். முடங்கிய வேலையைப் பற்றி மட்டும் பேசக் கூடலாம்.

அவசர காலம் வேறு என்று சொல்வார்கள். சரிதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் அரை மீட்டர் மழை கொட்டியது. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. அப்படிப்பட்ட நாளில் எத்தனை முறை கூடினாலும் தகும். ஆனால் ஆண்டு முழுவதும் புயல் அடிப்பதில்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. வாரத்தில் இரண்டு பிற்பகல், மூன்று மணி முதல் 5.45 வரை, வட்ட, ஒன்றிய அலுவலர்களை யாரும் எதற்கும் அழைப்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அந்த நேரத்தை அலுவலக வாசலில் பலகையில் எழுதி வையுங்கள். மரக்காணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், எந்த நாள் புறப்பட்டால் அய்யா சீட்டில் இருப்பார் என்பதைத் தெரிந்துகொண்டு புறப்படட்டும்.