மாட்டுத் தாவணியும் மோட்டார்த் தாவணியும்

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குகிறார்கள். தாவணி என்றால் பெண்கள் உடுத்துவது என்று மட்டும் அறிந்த பட்டணத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் கால்நடைச் சந்தைக்கும் தாவணி என்றே பெயர். மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற அந்த இடத்தில் இப்போது பஸ்கள் நிற்கின்றன. சந்தை போய்விட்டது, பெயர் போகவில்லை. பேரமும் போகவில்லை என்பதைச் சென்ற மாதம், மதுரையில் ஒரு கண்ணாடி மாளிகைக்கு மோட்டார் வாங்கப் போனபோது தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மோட்டார் எதற்கு என்று கேட்கிறவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். என் தகப்பனாருக்கு எழுபத்தெட்டு வயது. சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இருமுறை இரத்தம் சுத்தம் செய்துகொள்வதற்காக மதுரை போய்வர வேண்டியவர். போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து விடுவார். திரும்பும்போது உட்கார மாட்டாமல் சாய்ந்து விடுவார். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி அமர்த்திப் பார்த்தோம். நான்கு மாதத்துக்குப் பின் என் மனைவி கணக்கு நோட்டை என் முன் வைத்தாள். அதற்கு மறுவார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை. ஆறு வருஷமாக அவள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும், பாங்கியில் வாங்கக்கூடிய கடனுமாகச் சேர்த்து, ஒரு சிறிய வண்டி வாங்குவதென்று தீர்மானமாயிற்று.

கண்ணாடி மாளிகைக்குள் நுழைந்ததும், "ஸார், வாங்க ஸார்! என்னைத் தெரிகிறதா?" என்று ஓர் இளைஞன் ஓடி வந்தான். பத்து வருஷத்துக்கு முன் என்னிடம் கணக்குப் படித்த பையன்! கழுத்தில் அடையாள அட்டை தொங்கிற்று. எனக்கு உண்டான சந்தோஷத்தில், மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். தகப்பனார் உடம்பு, வாரம் இருமுறைப் பிரயாணம், வண்டி பத்து நாளைக்குள் வேண்டும், நிறம்கூட வெள்ளைதான் வேண்டும் என்பது வரையில் ஒன்று பாக்கியில்லை. பையன் மிகவும் அநுதாபத்துடன் கேட்டுக்கொண்டான். பிறகு உள்ளே போய் ஒரு விலைக் கடிதம் அச்சடித்துக் கொண்டு வந்தான்.

வண்டியின் விலை ரூ. 7,20,000. ஆயுள் வரி ரூ. 93,600. இன்ஷூரன்ஸ் ரூ. 41,500. கூடுதல் வாரண்டி ரூ. 14,000. அலங்காரச் சாமான்கள் ரூ. 18,000. 'ஹாண்ட்லிங் சார்ஜ்' ரூ. 9,500. பதிவு முதலிய செலவுகள் ரூ. 3,400. ஆக 9 லட்சம். "உங்களுக்காக ரூ. 20,000 தள்ளுபடி வாங்கியிருக்கிறேன், ஸார்!" என்றான். ரூ. 8,80,000 என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. இருபதாயிரம் ரூபாய் குறைத்துவிட்டோம் என்ற கர்வத்துடன் நான் வீடு திரும்பினேன்.

தகப்பனார் கட்டிலில் படுத்தபடியே கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் நாற்பது வருஷம் விவசாயம் செய்தவர். ஒவ்வொரு மழை தவறிய வருஷத்திலும் மாட்டை விற்று, மழை பெய்த வருஷத்தில் மாட்டை வாங்கியவர். தாவணியில் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விற்கிறவர் கையைப் பிடித்து விரல்களை அழுத்துவார். பிறகு அதே துண்டோடு வாங்குகிறவரிடம் வருவார். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. எந்த விரல் எத்தனை ரூபாய் என்பது பிடித்த கைக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் துண்டு அசைவது ஒன்றுதான்.

"பல்லைப் பிடிச்சுப் பாத்தியாப்பா?" என்றார் தகப்பனார்.

"மோட்டாருக்கு ஏது பல்?"

"வயசு இல்லாத சாமான் உண்டா? சரி, தள்ளுபடி இருபதாயிரம்னு சொல்றியே, அது எந்த விரல்லேருந்து குறைஞ்சது? துண்டை எடுத்துப் பாத்தியா?"

இந்த இரண்டு கேள்விகளும் என்னைத் தூங்கவிடவில்லை. அன்று இரவும் அடுத்த சில இரவுகளும் விசாரித்துத் தெரிந்துகொண்டதை, வாசகர்களின் உபயோகத்துக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பல். வண்டி தயாரான மாதமும் வருஷமும் பதிவுச் சான்றிதழில் ஏறிவிடுகின்றன. எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகளாலான சேஸிஸ் நம்பரிலும் வருஷம் பொதிந்திருக்கிறது. டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் வாங்குகிறவர், ஒரு மாத வித்தியாசத்துக்காக ஒரு வயது மூத்த வண்டியை வாங்குகிறார். விற்கப் போகும்போதுதான் அது உறைக்கும். ஆகையால் வருஷக் கடைசியில் காணும் பெரிய தள்ளுபடிகள் கம்பெனியாரின் தாராளத்தால் மட்டும் வருகிறவையல்ல. பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர் அந்தத் தள்ளுபடியைத் தாராளமாக வாங்கலாம். மூன்று வருஷத்தில் விற்கிறவர் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, வரி. இதில் பேரம் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய விகிதப்படி ஆயுள் வரி 5 லட்சம் வரை நூற்றுக்கு 12, அதற்குமேல் 10 லட்சம் வரை 13, அதற்குமேல் 20 லட்சம் வரை 18, அப்பால் 20 என்று ஏறுகிறது. பத்து லட்சத்தைச் சற்றே தாண்டுகிற வண்டியில் ஆசை வைத்தவர், அந்த ஒரு படி ஏறுவதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: பெட்ரோலில் ஓடும், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 ஸி.ஸி.க்கும் மேற்படாத சிறு வண்டிகளுக்கு நூற்றுக்கு 28-ஆக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18-ஆகக் குறைந்தது. அது சர்க்கார் குறைத்தது. அதையே தம்முடைய தள்ளுபடியாகச் சொல்லும் விற்பனையாளரிடம், "சந்தோஷம்! இனி உங்கள் தள்ளுபடியைச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம்.

மூன்றாவது, இன்ஷூரன்ஸ். துண்டு பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது. சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸை மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்கியாக வேண்டும். அதன் கட்டணம் சர்க்கார் நிர்ணயித்தது; யாரிடம் வாங்கினாலும் ஒன்றே. ஆனால் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாகத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. விற்பனைக் கடைக்குக் கிடைக்கும் வரும்படியும் அதில் அடங்கியிருக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்குவது என்பது வாங்குகிறவரின் உரிமை. என் விலைக் கடிதத்தில் ரூ. 41,500 என்றிருந்த அதே பாதுகாப்பு, வெளியே விசாரித்ததில் ரூ. 31,000-க்குக் கிடைத்தது.

நான்காவது, அந்த 'ஹாண்ட்லிங் சார்ஜ்'. இது சர்க்கார் விதிக்கும் கட்டணம் அல்ல. வண்டியைக் கிடங்கிலிருந்து கடைக்குக் கொண்டுவந்த செலவு என்கிறார்கள். புடவைக் கடையில் புடவையை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டதற்குத் தனிக் கூலி கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் கொடுப்பார்களா?

ஐந்தாவது, கடன். "மாதம் எவ்வளவு ஸார் கட்ட முடியும்?" என்ற கேள்வி மிகவும் மரியாதையாகத் தோன்றும். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடக் கூடாது. 5 லட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு 9 வட்டியில் ஐந்து வருஷத் தவணை மாதம் சுமார் ரூ. 10,380, ஏழு வருஷமானால் சுமார் ரூ. 8,045. மாதம் ரூ. 2,300-க்கு மேல் மிச்சம் என்று தோன்றும். ஏழு வருஷ முடிவில் பார்த்தால், சுமார் ரூ. 53,000 அதிகமாக வட்டி கட்டியிருப்போம். வண்டியின் விலையில் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்துவிட்டுத் தவணையில் ஐம்பதாயிரம் போனால், அதற்குப் பேரம் என்று பெயர் வைப்பானேன்? கணக்கு வாத்தியாராகிய நானே அன்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி மதுரைக்குப் புறப்படுவதற்கு முன், எங்கள் ஊர்ப் பாங்கியில் கடனுக்குச் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டேன். அதே கம்பெனி வண்டியை விற்கும் வேறொரு கடையிலும் எழுத்து மூலமாக விலை வாங்கிக்கொண்டேன். தகப்பனார் ஒரே ஒரு புத்திமதி சொன்னார்: "அச்சாரம் கொடுத்தவன் பேச்சு எடுபடாது. கயித்தைக் கையிலே வாங்காதே. எழுந்திரிக்கத் தயாரா உக்காரு."

இந்தத் தடவை மானேஜரே வந்தார். நான் விலைக் கடிதத்தை மேஜைமேல் விரித்தேன்.

"அலங்காரச் சாமான்கள் வேண்டாம். இந்த 'ஹாண்ட்லிங் சார்ஜ்' எந்தச் சட்டப்படி என்று எழுதிக் கொடுங்கள். இன்ஷூரன்ஸை நான் வெளியே வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

"அப்படியானால் தள்ளுபடி கிடைக்காதே, ஸார்!"

"அப்படியா? இந்தக் கடையில் கிடைக்கும் என்கிறார்களே!" என்று மற்றக் கடையின் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தேன்.

மானேஜர் இரண்டையும் பார்த்தார். மேலும் ரூ. 10,000 குறைப்பதாகவும், இன்ஷூரன்ஸை மட்டும் பழைய தொகைக்கே எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் சொன்னார். காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வாங்கினால் மிச்சம் ரூ. 10,500 ஆயிற்றே! நான் மெதுவாக எழுந்தேன். உண்மையைச் சொன்னால், கால் நடுங்கிற்று. அடுத்த வியாழக்கிழமை வாடகை வண்டியில் தகப்பனார் சுருண்டு கிடக்கப் போவது கண்முன் நின்றது. வாசல் கதவை எட்டுவதற்குள் மானேஜர் கூப்பிட்டார்.

முடிவில் கூட்டிப் பார்த்தபோது ரூ. 8,42,000. அலங்காரம் போயிற்று, ஹாண்ட்லிங் போயிற்று, இன்ஷூரன்ஸை ரூ. 31,000-க்கு அவர்களே கொடுத்தார்கள். கூடுதல் வாரண்டியை வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன். முதலில் சொன்ன ரூ. 20,000 தள்ளுபடி அப்படியே நின்றது. அதற்கு அப்பால் குறைந்தது ரூ. 38,000. வண்டியின் விலையில் ஒரு ரூபாய்கூட நான் மேற்கொண்டு குறைக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குறைந்ததெல்லாம் துண்டுக்கு அடியிலிருந்ததுதான்.

வண்டியின் விலையில் ஏன் அவ்வளவு சுலபமாகக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி வருவதற்கு முன், வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தேசம் இது. அப்போது விலைக்குமேல் கொடுத்து வாங்குவதே பேரமாக இருந்தது. வண்டிகள் பெருகிய பிறகு கடைகளுக்குள் போட்டி வந்தது, தள்ளுபடியும் வந்தது. அதுவும் தடையின்றி வந்துவிடவில்லை. கடைக்காரர்கள் குறிப்பிட்ட அளவுக்குமேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாதென்று மாருதி ஸுஸுகி கம்பெனி கட்டுப்படுத்தியதாகக் கண்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டு 23-இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாங்குகிறவர்போல் வேஷமிட்ட ஆட்களை அனுப்பி வேவு பார்த்ததாகவும், மீறிய கடைக்கு மட்டுமின்றி அங்கே வேலை பார்த்த விற்பனையாளருக்கும் அபராதம் போட்டதாகவும் ஆணையத்தின் உத்தரவு சொல்கிறது. கம்பெனி அதன்மேல் அப்பீல் செய்தது. அமெரிக்காவிலோ, ஒவ்வொரு புதிய வண்டியின் கண்ணாடியிலும் விலை விவரத்தை ஒட்டியாக வேண்டும் என்று 1958-லேயே சட்டம் செய்தார்கள். அங்கும் பேரம் ஒழியவில்லை என்றாலும், பேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதாவது எல்லாருக்கும் தெரிந்தது.

வேலை பார்க்கிற பையனுக்கும் அபராதம் என்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வண்டியை ஒப்புக்கொண்ட அன்று வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் வெற்றிப் பிரதாபம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையனுக்குத் தரகு கிடைச்சுதா?" என்றார்.

தாவணியில் தரகு ஒளிவு மறைவில்லாதது. விலைதான் துண்டுக்கு அடியில். தரகு எல்லாரும் பார்க்கக் கையில் கொடுப்பது. இங்கே விலை வெளியில் அச்சடித்திருக்கிறது. தரகு துண்டுக்கு அடியில்!

வண்டியை எடுக்கப் போன அன்று பையனைத் தனியாகக் கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு, "வண்டிக்கு உண்டு, ஸார். சாமான்கள், இன்ஷூரன்ஸில்தான் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, ஸார். நீங்கள்தானே அன்றைக்கு வகுப்பில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்கச் சொன்னீர்கள்!" என்றான்.

நான் ஒரு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினால் அவனை அவமதித்ததாகும். வேண்டாத அலங்காரத்தை வாங்கி என் மனத்தைச் சமாதானப்படுத்திக் கொண்டால் என் மனைவியின் ஆறு வருஷச் சீட்டை அவமதித்ததாகும். அவன் சம்பளத்தை வாங்குகிறவனின் அறியாமையில் தொங்கவிட்டது நானும் அல்ல, அவனும் அல்ல. "ஏதாவது என்னால் ஆகக்கூடியது உண்டா, தம்பி?" என்று கேட்டேன்.

"ஒன்று இருக்கிறது, ஸார். கம்பெனியிலிருந்து போன் வரும். விற்பனையாளருக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள். ஒன்பது என்றாலும் எங்களுக்குக் கேள்வி வரும்."

இருபது வருஷ உத்தியோகத்தில் நான் எந்த மாணவனுக்கும் முழு மார்க் போட்டவனல்ல என்பது அருப்புக்கோட்டை முழுவதும் அறிந்த விஷயம். போன் வந்தது. முன் ஆசனத்தில் தகப்பனார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டுப் "பத்துக்குப் பத்து" என்று சொன்னேன்.