'எங்கட கம்பியூட்டர்ல ஓடுதே!'

ஒரே பவர்ஷெல் ஸ்கிரிப்டைப் பத்துக் கணினிகளுக்கு அனுப்பினால் எட்டில் ஓடும், இரண்டு சிவப்பு எழுத்தில் கத்தும். உடனே வாற பதில்: 'எங்கட கம்பியூட்டர்ல ஓடுதே, அந்த மெஷின்தான் பிழை.'

கத்துகிற இரண்டும் நல்ல பிள்ளைகள் எண்டுதான் நாங்கள் சொல்லுவம். ஒன்றில் விண்டோஸோடு வந்த 5.1 பதிப்பு, மற்றதில் 7 என்பது மாதிரி ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும். பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் பிழையாக ஓடுகிற எட்டுக்குத்தான்.

03/04 என்பது அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 4, பிரித்தானிய அமைப்பில் உள்ளதுக்கு ஏப்ரல் 3. மார்ச் 4க்கு முந்திய பேக்கப்புகளை அழிக்கச் சொன்னால், இரண்டாவது இன்னொரு மாதத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். பிழைச் செய்தி வராது. 2024-03-04 எண்டு எழுதினால் இந்தக் கரைச்சலே இல்லை.

இதைவிட மோசமானது மாறிகள். இங்கே ஃபோல்டரின் பெயரை வைத்திருக்கும் மாறி, இன்வோக்-கமாண்டில் 'யூசிங்' போடாவிட்டால் அங்கே போய்ச் சேராது. அங்கே அது வெறுமை. பாதை அந்த மாறியில் தொடங்கினால், 'இந்த ஃபோல்டரில் உள்ளதை அழி' என்பது 'டிரைவில் உள்ளதை அழி' ஆகிவிடும். அட்மின் உரிமை கொடுத்தால் எல்லாம் சரிவரும் என்கிறவை இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அழிக்கிற கட்டளைக்கு முதலில் 'வட்இஃப்' போட்டு ஓடவிடுங்கோ. எதையெல்லாம் அழிக்கப் போகுது எண்டு காட்டும், அழிக்காது. அந்தப் பட்டியலைப் பத்துக் கணினியிலும் பாருங்கோ, ஓடின எட்டிலயும்தான்.